மீன்பெட்டிப் பொதியில் இருந்த இலையின் வயது

பெயர்: ஆதம்பாவா சுல்பிகா. வயது: 48. தொழில்: யூனானி வைத்தியர். முகவரி: கடற்கரை வீதி, நிந்தவூர். வாக்குமூலம் அளிக்கும் மொழி: தமிழ். பதிவு செய்யப்பட்ட இடம்: விசாரணைக் குழுவின் தற்காலிக அலுவலகம், கல்முனை.

நான் மேற்படி முகவரியில் வசித்து வருகிறேன். அதே வளவின் முன்பகுதியில் நீண்ட காலமாக மருந்தகம் நடத்தி வருகிறேன். கொழும்பில் யூனானி மருத்துவத்தில் பட்டம் பெற்ற பின்னர் இந்தியாவில் மூலிகை இரசாயனத்தில் முதுமாணிப் பட்டம் பெற்றேன். அந்தப் பட்டத்துக்காக நான் ஆராய்ந்த விடயம், மாஜூன் எனப்படும் லேகியத்தில் சேர்க்கப்படும் கஞ்சா இலை களஞ்சியத்தில் இருக்கும்போது அடையும் மாற்றங்கள் ஆகும். இதை நானாகச் சொல்லவில்லை. பதிவு செய்யும் அதிகாரி கேட்டதால் சொல்கிறேன்.

கஞ்சா இலையை மருந்துக்குப் பயன்படுத்துவதற்கான அனுமதிப்பத்திரம் என்னிடம் உண்டு. எனக்குக் கிடைக்கும் இலை, வழக்குகள் முடிந்த பின்னர் நீதிமன்றங்களிலிருந்து விடுவிக்கப்பட்டு, தகரப் பேணியில் அடைத்து முத்திரையிட்டு அனுப்பப்படுவது. ஒரு வழக்கு முடிய வருடக் கணக்கில் செல்லும். ஆகவே என் கைக்கு வரும்போதே அது பழைய இலை. புதிய இலையை நான் மருந்துக்குப் பெற்றதில்லை. புதிய இலை எப்படி இருக்கும் என்பது எனக்குப் படித்த காலத்திலிருந்து தெரியும்.

மிஹ்லார் என்பவர் என் மருந்தகத்துக்கு எதிரே மீன்வாடி வைத்திருப்பவர். மீனும் ஐஸும் விற்பவர். அவருடன் எனக்கு நட்பு இல்லை. அவருடைய வாடியிலிருந்து வடியும் தண்ணீர் என் வாசலுக்கு வருவது பற்றி இரண்டு தடவை அவரிடம் முறையிட்டிருக்கிறேன். இரண்டாவது தடவை அவர் சுனாமியை இழுத்து, "கடல் உங்கட வாசலுக்கு வந்தப்ப ஆருக்கிட்ட டொக்டர் முறைப்பாடு குடுத்தீங்க?" என்று கேட்டார். அதன் பின்னர் நாங்கள் கதைப்பதில்லை. அவருக்காகப் பேச வேண்டிய உறவோ கடமையோ எனக்கு இல்லை என்பதைக் காட்டவே இதைச் சொல்கிறேன்.

கடந்த பெப்ரவரி மாதத்தில் ஒரு புதன்கிழமை காலை, நான் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு கான்ஸ்டபிள் வந்து, ஐயா எதிர்வாடிக்குக் கூப்பிடுகிறார் என்றார். நோயாளிகள் இருக்கிறார்கள் என்றேன். அவர் போகாமல் வாசலில் நின்றார். அதன் பின்னர் நான் சென்றேன். அங்கே உப பொலிஸ் பரிசோதகர் ஸஜாத்தும் மேலும் மூவரும் இருந்தார்கள். வீதியில் ஆட்கள் கூடியிருந்தார்கள். மீனை ஐஸில் இட்டு வைக்கும் ஒரு றெஜிபோம் பெட்டி கவிழ்க்கப்பட்டு ஐஸ் தரையில் கொட்டிக் கிடந்தது. மீன் வெட்டும் பலகையின் மேல் பொலித்தீனால் சுற்றி ஒட்டுநாடா ஒட்டிய ஒரு பொதி இருந்தது. மிஹ்லார் கையில் விலங்குடன் நின்றார். ஐஸ் தண்ணீர் அவருடைய பாதங்களைச் சுற்றி ஓடியது. அவர் விலகி நிற்கவில்லை.

பொதியை ஐஸுக்குள்ளிருந்து எடுத்ததாகவும், முதல் நாள் இரவு இயந்திரப் படகில் கரைக்கு வந்த புதுச் சரக்கு என்றும் ஸஜாத் கூடியிருந்தவர்களுக்குக் கேட்கக்கூடியதாகச் சொன்னார். அதன் பின்னர் என்னிடம், "உங்களுக்கிட்ட பெர்மிட் இரிக்கி. நீங்க சொன்னா கோட்டுல ஆரும் மறுக்க ஏலா. இது என்னண்டு சொல்லுங்க டொக்டர்" என்றார்.

அவர் கத்தியால் பொதியைக் கிழித்தார். நான் மேலே இருந்ததையும் நடுவில் இருந்ததையும் பார்த்தேன். ஒரு துண்டை விரல்களுக்கிடையில் வைத்து அழுத்தியபோது அது மாவாக உதிர்ந்தது. விரலில் பசை ஒட்டவில்லை. புதிய பூவில் மூக்கைத் துளைக்கும் வாடை இருக்கும். இதில் பழைய வைக்கோலின் வாடை இருந்தது. என் மேலங்கிப் பையில் எப்போதும் பொருளைப் பெரிதாக்கிக் காட்டும் ஒரு கைவில்லை இருக்கும். அதன் வழியாகப் பார்த்தேன். பூவின் மேலிருக்க வேண்டிய பிசின் உருண்டைகளில் பெரும்பாலானவை உதிர்ந்துபோயிருந்தன. எஞ்சியவை பழுப்பேறிக் கபில நிறமாக இருந்தன.

நான், "இது கஞ்சாதான்" என்றேன். மிஹ்லார் என்னைப் பார்த்தார். அதன் பின்னர் நான், "ஆனா இது பழைய இலை. புதுசா வந்த சரக்கில்ல. ஐஸுக்குள்ள கிடந்ததுமில்ல, பொதிக்கு மேலயும் உள்ளயும் ஈரமே இல்ல" என்றேன்.

ஸஜாத், "முதல் சொன்னது போதும்" என்றார்.

அவர் எழுதியதை வாங்கி வாசித்தேன். நான் பொருளைக் கஞ்சா என அடையாளம் காட்டியதாக மட்டும் அதில் இருந்தது. மற்றதையும் எழுதினால் கையொப்பமிடுவதாகச் சொன்னேன். அவர் அதை பொலிஸ் நிலையத்தில் எழுதிக்கொள்ளலாம் என்றார். அப்படியானால் கையொப்பத்தையும் நிலையத்தில் வைத்துக்கொள்ளலாம் என்று கூறிவிட்டு நான் மருந்தகத்துக்குத் திரும்பினேன். அதன் பின்னர் என்னை எவரும் அழைக்கவில்லை. ஆனால் நீதிமன்றத்துக்குக் கொடுக்கப்பட்ட அறிக்கையில், ஈரத்தன்மையுள்ள புதிய கஞ்சா என்றும், அனுமதிபெற்ற வைத்தியர் அடையாளம் காட்டினார் என்றும் இருந்தது. மிஹ்லார் விளக்கமறியல் சிறையில் வைக்கப்பட்டார். பொதியின் நிறை காரணமாக அவருக்கு இலகுவில் பிணை கிடைக்காது என்று அறிந்தேன்.

ஸஜாத்துக்கும் மிஹ்லாருக்கும் முன்பகை இருந்ததா என்று என்னிடம் கேட்கப்பட்டது. ஸஜாத் ஒரு லொறிச் சாரதிக்கு அடித்ததை மிஹ்லார் தொலைபேசியில் படம் பிடித்ததாக ஊரில் கதைக்கிறார்கள். அந்தப் படத்தை நான் பார்க்கவில்லை. ஆகவே அதைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை.

அடுத்த வாரம் மிஹ்லாரின் மனைவி றிபா என் மருந்தகத்துக்கு வந்தார். நோயாளிகள் இருந்த அறையில் நின்றுகொண்டு, என் வாசலில் விழுந்த தண்ணீருக்கு நான் பழி வாங்கியதாகக் கூறினார். நான் சொன்னதில் பாதி எழுதப்படவில்லை என்று விளக்க முயன்றேன். அவர் கேட்கவில்லை. இருந்த நோயாளிகளில் மூவர் மருந்து எடுக்காமல் எழுந்து போனார்கள். அன்று முதல் அந்தப் பக்கத்து வீடுகளிலிருந்து எவரும் என்னிடம் வருவதில்லை.

அதன் பின்னர் றிபா ஒரு சட்டத்தரணியுடன் மீண்டும் வந்தார். வாடியில் நின்றவர்கள் நான் சொன்ன இரண்டாவது பகுதியைக் கேட்டிருந்ததால் சட்டத்தரணிக்கு அது தெரிந்திருந்தது. அந்த இலை ஐந்து வருடம் பழையது என்று எழுத்தில் தரும்படி அவர் கேட்டார். நான் மறுத்தேன். கண்ணாலும் கைவில்லையாலும் பார்த்து வருடம் சொல்ல முடியாது. ஆய்வுகூடத்தில் அளந்தாலும் வருடத்தைத் துல்லியமாகச் சொல்ல முடியாது. குளிரான இருட்டறையில் மூன்று வருடம் இருந்த இலையும், தகரக் கூரைக்குக் கீழே அதைவிட மிகக் குறைந்த காலம் இருந்த இலையும் ஒரே மாதிரி இருக்கலாம். நேற்றுக் கரைக்கு வந்த புதிய சரக்கு அல்ல என்று மட்டுமே என்னால் சொல்ல முடியும். சட்டத்தரணி, வழக்குக்கு ஓர் எண் இருந்தால் நல்லது என்றார். என்னிடம் அந்த எண் இல்லை என்றேன்.

அப்போது றிபா, "உங்கட வாயால உள்ளுக்குப் போன மனிசன், ராத்தா. உங்கட வாயாலதான் வெளிய வரணும். ஒரு பொய் சொன்னா உங்கட படிப்புத் தேஞ்சா போகும்?" என்று கேட்டார். ஸஜாத்தும் என்னிடம் கேட்டது ஒரு பொய்தான் என்று நான் சொன்னேன். அவர் முந்தானையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டு ஸலாம் சொல்லாமல் போனார்.

இலை பழையது என்ற முடிவுக்கு எப்படி வந்தேன் என்று பதிவு செய்யும் அதிகாரி கேட்டார். பதில் பின்வருமாறு. உயிருள்ள செடியில் போதை தரும் பொருள் போதை தரும் வடிவில் இருப்பதில்லை. அங்கே அது அமிலமாக இருக்கிறது. காயும்போதும் சூடேறும்போதும் அந்த அமிலம் காபனீரொட்சைட்டு வாயுவை இழந்து டி.எச்.சி. என்ற பொருளாகிறது. போதை தருவது அதுதான். அதன் பின்னர் காற்றும் வெளிச்சமும் வெப்பமும் சேர்ந்து டி.எச்.சி.யைக் குறைத்துக்கொண்டே போகும். குறைவதில் ஒரு பங்கு சி.பி.என். என்ற வேறு பொருளாக மாறும். அதற்குப் போதை மிகக் குறைவு. இது ஒரு திசையில் மட்டும் நடக்கும் மாற்றம். பழைய இலையை எவராலும் புதிய இலையாக்க முடியாது. ஆகவே இரண்டையும் அளந்து ஒன்றுக்கு மற்றது எத்தனை பங்கு என்று பார்த்தால், இலை நெடுநாள் களஞ்சியத்தில் இருந்ததா இல்லையா என்பது தெரியவரும்.

செடியை முற்றவிட்டு வெட்டினாலும் இப்படி இருக்காதா என்று அதிகாரி கேட்டார். நியாயமான கேள்வி. பிசின் உருண்டைகள் இளம் பூவில் கண்ணாடி போலவும், முதிரும்போது பால் போலவும், மேலும் முற்றும்போது தேன் நிறமாகவும் இருக்கும். முற்றிய செடியில் நின்ற நிலையிலேயே கொஞ்சம் சி.பி.என். உண்டாகும். ஆனால் அது கொஞ்சம்தான். அப்படி வெட்டிய பூவும் புதிதாக இருக்கும்போது விரலில் ஒட்டும், வாடை வீசும். இது ஒட்டவில்லை. அந்த வாடையும் இல்லை.

மார்ச் மாத இறுதியில் நான் ஸஜாத் கடமையாற்றும் நிலையத்துக்குச் சென்று, என் கூற்றை முழுமையாகப் பதியும்படி கேட்டேன். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வாங்கில் உட்கார்ந்து காத்திருந்தேன். அதன் பின்னர் அவர் வந்தார். பொதி பகுப்பாய்வுக்கு அனுப்பப்பட்டதா என்று கேட்டேன். இன்னும் இல்லை, வழக்குத் திகதி கிட்டும்போது அனுப்பலாம் என்றார். எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். "மேல வெச்சிரிக்கன். களவெடுத்துட்டன் எண்டு நினைச்சா போய்ப் பாருங்க" என்றார்.

நான் ஒரு கான்ஸ்டபிளுடன் மேல்மாடிக்குச் சென்று கதவருகில் நின்று பார்த்தேன். அஸ்பெஸ்டஸ் கூரை. உட்கூரை இல்லை. மேற்குப் பக்கத்து ஜன்னலில் கண்ணாடி இருந்தது, திரை இல்லை. மற்ற வழக்குகளின் பொருட்கள் சாக்குகளில் சுவரோரம் அடுக்கப்பட்டிருந்தன. இந்தப் பொதி மட்டும் கிழித்த வாய் மூடப்படாமல் ஜன்னலுக்கு நேரே இறாக்கைத் தட்டில் இருந்தது. வெப்பத்தால் அறைக்குள் மூச்சு விடுவது கஷ்டமாக இருந்தது. கான்ஸ்டபிள் உள்ளே வரவில்லை. அவர் படியில் நின்றார்.

கீழே வந்து, பொதியை இருட்டான குளிர்ந்த இடத்துக்கு மாற்றி உடனே பகுப்பாய்வுக்கு அனுப்ப வேண்டும் என்று ஸஜாத்திடம் சொன்னேன். காரணத்தையும் சொன்னேன். இப்போது அளந்தால், பிடிபட்ட அன்றே இலை பழையதாக இருந்ததா என்பதை ஓரளவு பிரித்துச் சொல்லலாம். இரண்டு வருடம் அந்த ஜன்னலில் கிடந்த பின்னர் அளந்தால், எந்த இலையும் பழைய இலையாகவே இருக்கும். அப்போது பழையது என்று அறிக்கை வந்தாலும், எங்கள் அறையில்தான் பழையதானது என்று பொலிஸார் சொல்லலாம். அது பொய் என்று எவராலும் நிரூபிக்க முடியாது.

ஸஜாத் சிரித்தார். "இது நீங்க படிச்ச காலத்துக் கஞ்சா இல்ல டொக்டர். இப்ப புதுப் புது இனம் வருது. இது பிறக்கக்குள்ளயே கிழவன். உங்கட படிப்பும் மேல இரிக்கிற சாக்கு மாதிரி பழசாப் போச்சி" என்றார். அருகில் இருந்த இருவர் சிரித்தார்கள்.

இனத்தைப் பற்றி அவர் சொன்னதற்கு நான் அங்கேயே பதில் சொன்னேன். அதை இங்கேயும் பதியும்படி கேட்கிறேன். இனத்தைத் தெரிவு செய்து வளர்ப்பவர்களால் டி.எச்.சி.யைக் கூட்ட முடியும். அதைக் குறைத்து, போதை தராத சி.பி.டி. என்ற பொருளைக் கூட்டவும் முடியும். முப்பது நாற்பது வருடங்களில் பல மடங்கு கூட்டியிருக்கிறார்கள். செடி எதை எவ்வளவு செய்யும் என்பதை விதை தீர்மானிக்கிறது. ஆனால் சி.பி.என்.னைச் செடி நேரடியாகச் செய்வதில்லை. அது டி.எச்.சி. அழியும்போது வருவது. கபிலமாக, மணமில்லாமல், தொட்டால் உதிரும் பூவைப் பெறுவதற்காக எவரும் விதை தெரிவு செய்வதாக நான் அறியவில்லை. விற்பவனுக்கு அதனால் என்ன இலாபம் என்று அவரிடம் கேட்டேன்.

அவர் சிரிப்பை நிறுத்தினார். அதன் பின்னர், நான் வைத்திருக்கும் இலை எப்படி இருக்கும் என்று கேட்டார். கபிலமாக, மணமில்லாமல் இருக்கும் என்றேன். தொட்டால் உதிருமா என்று கேட்டார். உதிரும் என்றேன்.

"அப்ப இது உங்கட பேணியில இருந்து போன சரக்காக்கும்" என்றார். "உங்கட வீடும் அவன்ட வாடியும் எதிர் எதிர்தானே. நான் அந்தப் பக்கம் தேடவே இல்ல. இன்னும் கொஞ்சம் கதைங்க, தேடுறன்."

நான் எழுந்து வந்தேன். என் கூற்று அன்றும் பதியப்படவில்லை. அடுத்த வாரம், முன்னறிவித்தல் இல்லாமல் என் மருந்தகம் சோதனையிடப்பட்டது. லேகியச் சாடிகளைத் திறந்து கரண்டியால் கிளறினார்கள். இலைப்பேணியின் முத்திரை சரியாக இருந்தது. நிறையும் சரியாக இருந்தது. அதைக் குறித்துத் தரும்படி கேட்டேன். தரவில்லை. அதன் பின்னர் ஊரில், டொக்டரின் வீட்டிலிருந்துதான் சரக்குப் போனது என்று கதை பரவியது. றிபாவும் அதை நம்பியதாக அறிந்தேன்.

நானே நீதவானுக்கு எழுத்தில் முறையிட்டேன். அதன் பேரில் இந்த விசாரணை நடைபெறுகிறது.

பொதியில் இருந்த இலை நீதிமன்றக் களஞ்சியத்திலிருந்தோ பொலிஸ் களஞ்சியத்திலிருந்தோ வந்தது என்று நான் சொல்கிறேனா என்று அதிகாரி கேட்டார். நான் அப்படிச் சொல்லவில்லை. வழக்கு முடிந்து எனக்கு வரும் இலையைப் போல அது இருந்தது என்று சொல்கிறேன். அப்படிப்பட்ட இலை இந்தப் பிரதேசத்தில் எங்கெங்கே இருக்கிறது என்பது என்னைவிட அதிகாரிக்குத் தெரியும்.

என் பேணியிலிருந்து அது போகவில்லை என்பதை எப்படி நிரூபிப்பீர்கள் என்று கேட்டார். இரண்டையும் ஒரே நாளில் ஒரே ஆய்வுகூடத்தில் அளந்தால் தெரியலாம் என்றேன். சி.பி.என்.னை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றக்கூடும். ஆனால் மிஞ்சிய டி.எச்.சி.யையும் அது மாறி வந்த சி.பி.என்.னையும் ஒன்றாகக் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகைக்குச் சி.பி.டி. எத்தனை பங்கு என்று பார்த்தால், செடி எந்த இனம் என்பது ஓரளவு தெரியும். வயது கூடினாலும் அந்தப் பங்கு அதிகம் மாறாது. இனம் வேறாக இருந்தால் இலை என்னுடையது அல்ல. இனம் ஒன்றாக இருந்தால் அதனால் எதுவும் நிரூபணமாகாது. ஏனென்றால் இந்த மாகாணத்தில் பிடிபடும் இலையில் பெரும்பகுதி ஒரே மாதிரியான இனம்தான். இந்த இரண்டாவது பகுதி எனக்குப் பாதகமானது என்று அதிகாரி சுட்டிக்காட்டினார். ஓம், அதையும் எழுதுங்கள் என்றேன்.

பொதி இன்றும் அதே மேல்மாடி அறையில் இருப்பதாக எனக்குச் சொல்லப்பட்டது. இப்போது சூடான கச்சான் காற்று வீசும் மாதம். பகலில் அந்த அறையில் என்ன வெப்பம் இருக்கும் என்பதை அளந்து பார்க்கும்படி கேட்கிறேன். மிஹ்லாருக்கு இருக்கும் ஒரே சாட்சி அந்த இலைதான். அது நாள்தோறும் அழிந்துகொண்டிருக்கிறது. அவரை வெளியே விடும்படி நான் கேட்கவில்லை, அது நீதவானின் வேலை. பொதியை இன்றே இறக்கி, முத்திரையிட்டு, குளிரில் வைத்து அனுப்பும்படி மட்டும் கேட்கிறேன்.

அதன் பின்னர் நான் கொண்டுவந்திருந்த இலைப்பேணியை முத்திரையுடன் மேசையின் மேல் வைத்தேன். இதை ஒப்படைத்தால் விசாரணை முடியும்வரை மருந்து செய்ய முடியாது, அனுமதிப்பத்திரமும் இடைநிறுத்தப்படலாம் என்று அதிகாரி எச்சரித்தார். அது எனக்குத் தெரியும் என்றேன். இரண்டு இலைகளும் ஒன்றுபோல இருப்பதாக அறிக்கை வந்தால் மிஹ்லாருடன் என்னையும் சந்தேகநபராகச் சேர்க்க வேண்டி வரும் என்றும் கூறினார்.

ஒன்றுபோல இல்லை என்று வந்தால் யாரைச் சேர்ப்பீர்கள் என்று கேட்டேன்.

அதிகாரி பதில் கூறவில்லை. நான் கேட்டதையும், அவர் பதில் கூறாததையும் எழுதும்படி சொன்னேன். அவர் அதை எழுதினார்.

இவ்வாக்குமூலத்தை நானே முதலிலிருந்து கடைசிவரை வாசித்தேன். நான் கண்டதும், கேட்டதும், செய்ததும், கற்றதால் அறிந்ததும் மட்டுமே இதில் உண்டு. ஒருவரும் சொல்லித்தந்து நான் சொன்னது எதுவும் இல்லை. சொன்னதில் விடுபட்டதும் எதுவும் இல்லை. அவ்வாறு கண்டபடியால் கையொப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) ஆ. சுல்பிகா